சௌசம்: நாக்கு வழிப்பதில் தொடங்கி மனத்துக்குள் போகும் ஒரு பழக்கம்

யோகம் என்றதும் பலருக்கும் பாயும் ஆசனமும்தான் நினைவுக்கு வருகின்றன. பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்லும் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன்பே இயமம் ஐந்து, நியமம் ஐந்து என்று பத்துப் பழக்கங்கள் வந்துவிடுகின்றன. பிறரிடம் நாம் நடந்துகொள்ளும் விதம் இயமம். நம்மை நாமே வைத்துக்கொள்ளும் விதம் நியமம். இரண்டாம் பாதத்தின், அதாவது இரண்டாம் பகுதியின், 32-ஆம் சூத்திரம் நியமங்களை எண்ணிச் சொல்கிறது: சௌசம், சந்தோஷம், தபஸ் (தவம்), ஸ்வாத்யாயம் (நூல் ஓதித் தன்னை அறிதல்), ஈஸ்வர ப்ரணிதானம் (இறைவனிடம் ஒப்படைத்தல்). வரிசையில் முதலாவதாக இருக்கும் சௌசம்தான் தூய்மை.

ஆசனம் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய புதிதில் இந்தச் சொல்லை நான் ஒரே வரியில் கடந்துவிடுவேன். "குளித்துவிட்டு, வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்பதோடு சரி. மற்ற நான்கையும் விரிவாகப் பேசுவேன். பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் எல்லாவற்றிலும் எளிது என்று நான் நினைத்த இதுவே அன்றாட வாழ்க்கையில் ஆழமாக இறங்குகிறது என்று புரிந்தது. சந்தோஷத்தை நினைத்த நேரத்தில் வரவழைக்க முடியாது. ஒரு பாத்திரத்தை நினைத்த நேரத்தில் கழுவலாம். கை வைக்க இடம் இருக்கும் நியமம் இது.

சூத்திரத்துக்கு உரை எழுதிய வியாசர் சௌசத்தை இரண்டாகப் பிரிக்கிறார். மண்ணாலும் நீராலும் கழுவுவதும் தூய உணவை உண்பதும் புறத் தூய்மை. சித்தத்தில் படிந்த அழுக்கைக் கழுவுவது அகத் தூய்மை. சோப்பு இல்லாத காலத்தில் மண்தான் சோப்பு. நம் பாட்டிமார் சாம்பலும் புளியும் கொண்டு பாத்திரம் தேய்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள். வள்ளுவரும் இதே இரண்டைத்தான் ஒரே குறளில் வைத்தார்: "புறந்தூய்மை நீரான் அமையும் அகந்தூய்மை வாய்மையால் காணப் படும்." வெளியே நீர், உள்ளே வாய்மை.

இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 41-ஆம் சூத்திரம் படிப்படியாகச் சொல்கிறது. முதலில் உள்ளம் தெளிகிறது. தெளிந்த உள்ளத்தில் மகிழ்ச்சி வருகிறது. மகிழ்ச்சியிலிருந்து ஒருமுகப்பாடு, அதிலிருந்து புலன்கள்மேல் ஆளுமை, முடிவில் தன்னைத் தான் காணும் தகுதி. மனம் ஒருமுகப்படவில்லையே என்று குறைப்படுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒருமுகப்பாட்டுக்கு முன்னால் மகிழ்ச்சி இருக்கிறது, அதற்கும் முன்னால் தூய்மை இருக்கிறது.

தொடங்குமுன் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டும்

எங்கள் ஊர் வீட்டின் கொல்லைப்புறச் சுவரில், துணி துவைக்கும் கல்லுக்கு மேலே, ஒரு மாடம் இருந்தது. அதில் ஓர் அலுமினிய டம்ளர் எப்போதும் கவிழ்ந்தே இருக்கும். விளிம்பு நசுங்கியது. வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் மோர். குடித்தவர்களே கழுவி மறுபடி கவிழ்த்து வைப்பார்கள். வீட்டுக்குள் இருந்த பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் புளி போட்டுத் துலக்கிப் பொன்போல மின்னும். அந்த வீட்டைச் சுத்தமான வீடு என்று ஊரே சொன்னது. சிறுவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் நம்பினேன்.

தமிழில் தூய்மை, சுத்தம், மடி, ஆசாரம் என்ற சொற்களை எடுத்தால் அந்த டம்ளரும் கூடவே வருகிறது. அதைப் பேசாமல் சௌசத்தைக் கற்பிப்பது நேர்மையாகாது. 40-ஆம் சூத்திரத்தில் 'பரைர் அஸம்ஸர்க்க' என்று ஒரு தொடர் வருகிறது. பிறரோடு சேராமை என்று சொல்லுக்குச் சொல் பொருள் எடுத்து, தள்ளி நிற்பதற்கு அதைச் சாட்சியாகக் காட்டுகிறவர்கள் உண்டு. வியாசர் உரையை முழுதாகப் படியுங்கள். மண்ணும் நீரும் கொண்டு எவ்வளவு கழுவினாலும் தன் உடம்பு முழுத் தூய்மை அடையவில்லை என்று யோகி காண்கிறான். அப்படிக் கண்டவனுக்கு மற்ற உடல்களோடு கலக்கும் நாட்டம் குறைகிறது. பேச்சு உடலின்மேல் உள்ள பற்றைப் பற்றியது. முதலில் அழுக்காகத் தெரிவது தன் உடம்பு. தன்னுடையதே தூய்மையாகவில்லை என்று கண்டவன் இன்னொரு மனிதரைப் பார்த்துத் தீட்டு என்று எந்த வாயால் சொல்வான்? சௌசத்தைப் பற்றிய சூத்திரங்கள் எதிலும் சாதி இல்லை, மாதவிலக்கு இல்லை. அவற்றை உள்ளே கொண்டுவந்தவர்கள் நாம்.

இதற்கு எதிர்ப்புறமும் ஒரு பள்ளம் உண்டு. உடம்பை அருவருத்து அதை வதைப்பது. "உடம்பினை முன்னம் இழுக்கென் றிருந்தேன், உடம்பினுக் குள்ளே உறுபொருள் கண்டேன்" என்று திருமூலர் சொல்லிவிட்டார். பற்று வேண்டாம், வெறுப்பும் வேண்டாம். தினமும் அழுக்காகும், தினமும் கழுவுவோம் என்ற அமைதியான உறவு போதும்.

முதல் படி: காலையில் நாக்கு

நாக்கு வழிப்பதிலிருந்து தொடங்கச் சொல்வேன். செம்பிலோ எவர்சில்வரிலோ ஒரு நாக்கு வழிப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். எழுந்தவுடன், தண்ணீர்கூடக் குடிப்பதற்கு முன்னால், கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பாருங்கள். வழிப்பதற்கு முன் பார்ப்பது முக்கியம். நடுவில் வெண்மையாகவோ லேசான மஞ்சளாகவோ ஒரு படிவு இருக்கும். நேற்று இரவு நேரம் கழித்து வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தால் அது தடித்திருக்கும். அளவாகச் சாப்பிட்டுப் படுத்த மறுநாள் மெல்லியதாக இருக்கும். பின்னாலிருந்து முன்னால், அழுத்தாமல், ஐந்தாறு முறை வழித்து, ஒவ்வொரு முறையும் வழிப்பானைக் கழுவுங்கள். குமட்டும் அளவுக்கு உள்ளே விட வேண்டாம்.

ஒரு நிமிட வேலைதான். ஆனால் நேற்றைய நடத்தையின் சுவடு இன்று என் உடம்பில் இருக்கிறது என்பதைத் திட்டாமல், ஒளிக்காமல் பார்க்கிறோம். மனத்தைப் பார்க்கும்போது இதே பார்வைதான் தேவைப்படும்.

பிறகு மலம் கழித்தல், பல் துலக்குதல், குளியல். வெந்நீரா தண்ணீரா என்பது உங்கள் உடல்வாகையும் ஊரையும் பொறுத்தது. அதில் வாக்குவாதம் தேவையில்லை. "கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்ற பழமொழியில் விலை உயர்ந்த எதுவும் இல்லை என்பதைப் பாருங்கள். ஆசனம் செய்யும் பாயை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வியர்வையோடு சுருட்டி வைத்த பாய் நாறும். நாற்றமடிக்கும் பாய்மேல் தலை கவிழ்த்துப் படுக்க உடம்பு விரும்பாது, பயிற்சியும் தானாகக் குறையும்.

கழிவறையை வாரத்துக்கு ஒருமுறையாவது நீங்களே கழுவுங்கள். வீட்டில் உதவிக்கு ஆள் இருந்தாலும் கழுவுங்கள். 1901-இல் கல்கத்தாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் கழிவறைகளின் நிலையைக் கண்ட காந்தி, துடைப்பம் கேட்டு வாங்கித் தானே சுத்தம் செய்தார். என் அழுக்கை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நான் தூயவன் என்று உட்கார முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் சொல்லும் ஆறு சுத்திகரிப்புக் கிரியைகளான தௌதி, வஸ்தி, நேதி, த்ராடகம், நௌலி, கபாலபாதி பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். தொடக்கத்தில் அவை தேவையில்லை. மூக்கை நீரால் கழுவும் ஜல நேதியை மட்டும் பலர் காணொளி பார்த்துத் தாங்களே செய்வதால் ஓர் எச்சரிக்கை: குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடாதீர்கள். நன்றாகக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவைத்த நீரே வேண்டும். நன்னீரில் வாழும் நெக்லீரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலால் நேர்ந்த இறப்புகளை அண்மையில் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அரை லிட்டர் நீருக்குச் சுமார் நாலரை கிராம் உப்பு, அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. முதல் முறை ஆசிரியர் அருகில் இருக்கச் செய்யுங்கள். மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி கர்ப்பிணிகளுக்கும், உயர் ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்களுக்கும் ஏற்றதல்ல.

இரண்டாம் படி: தட்டு

வியாசர் உணவைப் புறத் தூய்மையில் சேர்த்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். குளித்துவிட்டு வந்து கண்டதையும் திணித்தால் கழுவியதற்குப் பொருள் இல்லை. அளவுக்குக் கேரண்ட சம்ஹிதை என்ற யோக நூலின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: அரை வயிறு உணவு, கால் வயிறு நீர், கால் வயிறு காற்று உலவ வெற்றிடம். வயிற்றுக்குள் அளவுகோல் வைக்க முடியாது. அதனால் ஒரு வழி சொல்கிறேன். முதல் முறை பரிமாறியதைச் சாப்பிட்டு முடித்ததும் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு பத்து மூச்சு விடுங்கள். பிறகும் பசி இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மோர்ச் சாதத்தோடு நிறைவு வந்துவிடும்.

எது தூய உணவு என்பதில் எனக்கும் நூலுக்கும் ஓரிடத்தில் ஒத்துப்போகவில்லை. கீதையின் பதினேழாம் அத்தியாயம் இரவு கடந்த உணவைத் தாமச வகையில், அதாவது மந்தத்தைத் தரும் வகையில், சேர்க்கிறது. நம் உழவர்கள் பழைய சோற்றையும் சின்ன வெங்காயத்தையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வெயிலில் நாள் முழுதும் நின்றார்கள். முறையாக நீரூற்றிப் புளிக்கவைத்த சோறு வேறு. மூன்று நாள் குளிர்பதனப் பெட்டியில் கிடந்து நாலாம் நாள் சூடாக்கிய குழம்பு வேறு. மூக்கும் நாக்கும் இந்த வேறுபாட்டை நன்றாக அறியும். அவற்றைக் கேளுங்கள்.

உணவின் தூய்மையில் அது வந்த வழியும் அடங்கும். பேரம் பேசிப் பேசிக் கீரைக்காரம்மாவின் முகத்தை வாடவைத்து வாங்கிய கட்டு, எத்தனை முறை அலசினாலும் எனக்கு முழுதாகச் சுத்தமாவதில்லை. சமைத்தவருக்கும் சேர்த்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரண்டாம் முறை பரிமாறிக்கொள்வதும் இதில் சேரும்.

மூன்றாம் படி: இரவில் அடுக்களைத் தொட்டி

வீடு முழுவதையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சுத்தம் செய்யும் ஆவேசம் வேண்டாம். அது புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடும். இரண்டே இடங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பாய் விரிக்கும் இடம்: ஆறடிக்கு மூன்றடி. அங்கே வேறெதையும் வைக்கக் கூடாது, இஸ்திரிக்குப் போகும் துணி உட்பட.

மற்றொன்று பாத்திரம் கழுவும் தொட்டி. படுக்கப் போகுமுன் அது காலியாக இருக்க வேண்டும். நான் கடைசியாகக் கழுவுவது பால் பாத்திரம். அடியில் பிடித்த ஏடு ஊறி நெகிழ்ந்திருக்கும். தேங்காய் நாரை வட்டமாக ஓட்டினால் முதலில் வழுக்கும், பிறகு ஒரு கணத்தில் உலோகம் விரலுக்குப் பிடிகொடுக்கும். அந்தக் கணம் காதுக்கும் கேட்கும், ஓசை மாறும். பிறகு வடிகால் துளையில் சிக்கிய சோற்றுப் பருக்கைகளையும் கறிவேப்பிலையையும் விரலால் எடுத்துவிட்டு, தொட்டியைத் துடைத்து, கரித்துணியைப் பிழிந்து காயப்போடுவேன். இதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தில் வானொலியோ கைப்பேசியோ வேண்டாம். தியானத்தில் மூச்சைக் கவனிக்க முடியாமல் தவித்த பலருக்கு இந்தப் பன்னிரண்டு நிமிடம் கைகொடுத்திருக்கிறது.

நாளை மறுபடி தொட்டி நிறையும். சலிப்பு வரும். சலிப்பு வரும் அந்த இடத்தில்தான் நியமம் வேலை செய்கிறது.

வீட்டு வாசலோடு சௌசம் நின்றுவிடக் கூடாது. குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரித்து வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சில்லுகளைத் தடித்த செய்தித்தாளில் நாலு மடிப்பாகச் சுற்றி, நூலால் கட்டி, மேலே 'கண்ணாடி' என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். அணையாடைகளையும் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். காலை ஏழு மணிக்கு அந்தப் பையில் கைவிடுகிறவரின் விரல் அறுபடாமல் இருப்பது, என்னைப் பொறுத்தவரை, பூஜையறையைத் துடைப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

நான்காம் படி: கண்ணும் காதும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாக்கு வழித்துக் குளித்துப் பாய் விரிக்கும் வரை கைப்பேசியைத் தொடாதீர்கள். இரவு தொட்டியைக் கழுவிய பிறகும் தொடாதீர்கள். இடைப்பட்ட நேரத்தில் எதைப் பார்த்த பிறகு மூச்சு மேலேறி நெஞ்சில் நிற்கிறது என்று ஒரு வாரம் கவனித்தால், எதை விட வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். குடும்பக் குழுக்களில் வரும் வெறுப்புச் செய்திகளை மற்றவர்களுக்கு அனுப்பாமல் நிறுத்துவதை மட்டும் முதல் நாளிலேயே செய்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பேச்சு

கீதை பதினேழாம் அத்தியாயத்தில் வாக்கின் தவம் என்று ஒன்று சொல்லப்படுகிறது: பிறரைக் கலங்கடிக்காத, உண்மையான, இனிய, நன்மை பயக்கும் சொல். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதே இதன் கடினம். உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைக் குத்திக் கிழிக்கலாம். இனிமையை மட்டும் வைத்துக்கொண்டு ஏமாற்றலாம்.

சில மாதங்களுக்கு முன் உறவினர் ஒருவர் தொலைபேசியில், எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரு குடும்பத்தின் கடன் தொல்லையைப் பற்றிச் சொன்னார். அத்தனையும் உண்மை. நாற்பது நிமிடம் பேசினோம். வைத்த பிறகு வாயில் ஏதோ கசப்பு. எதையாவது தின்ன வேண்டும்போல இருந்தது. உதவி செய்யும் எண்ணத்தில் ஒரு சொல்கூட எங்கள் பேச்சில் இல்லை. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச்சு திரும்பினால், "அவருக்கு நாம் ஏதாவது செய்ய முடியுமா அண்ணா?" என்று கேட்டுவிடுவேன். முடியும் என்றால் அதைப் பேசுவோம். முடியாது என்றால் பேச்சு தானாக வேறு பக்கம் போய்விடும். யாருடைய மனமும் இதில் புண்பட்டதில்லை.

ஆறாம் படி: மனம்

மனத்தைக் கழுவ நீர் எது? பதஞ்சலி முதல் பாதத்தின் 33-ஆம் சூத்திரத்திலேயே அதைக் கொடுத்துவிட்டார். மகிழ்ச்சியாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுகிறவரிடம் கருணை, நல்லது செய்கிறவரைக் கண்டால் மகிழ்வு, தீயது செய்கிறவரைக் கண்டால் மனம் கொதிக்காமல் விலகி நிற்பது. இந்த நான்கால் சித்தம் தெளியும் என்கிறார். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அழுக்கை நீக்குகிறது என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். நட்பு பொறாமையைப் போக்கும், கருணை பிறருக்குத் தீங்கு நினைப்பதைப் போக்கும், மகிழ்வு நல்லவரிடமும் குறை காணும் புத்தியைப் போக்கும், விலகி நிற்பது கோபத்தைப் போக்கும். எந்தக் கறைக்கு எந்தப் பொடி என்று சொல்வதுபோல இருக்கிறது.

செய்முறை இதுதான். தொட்டியைக் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள். முதலில் நாடி சுத்தி ஒன்பது சுற்று. வலது கைப் பெருவிரலால் வலது நாசியை மூடி இடது பக்கம் இழுத்து, மோதிர விரலால் இடது நாசியை மூடி வலது பக்கம் விடுங்கள். வலது பக்கமே இழுத்து இடது பக்கம் விட்டால் ஒரு சுற்று. மூச்சை அடக்க வேண்டாம். ஓசை வராத அளவுக்கு மெதுவாக ஓடினால் போதும்.

பிறகு ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இன்று யாரை நினைத்து மனம் கலங்கியது, நான்கில் எந்த அழுக்கு. நியாயம் எழுத வேண்டாம். நியாயம் எழுதினால் பக்கம் போதாது. என் நோட்டில் ஒருவர் பெயர் பதினோரு நாள் தொடர்ந்து வந்தது. முதல் ஏழு நாளும் பக்கத்தில் 'கோபம்' என்று எழுதியிருந்தேன். எட்டாம் நாள் அதே பெயருக்குப் பக்கத்தில் என்னை அறியாமல் 'பொறாமை' என்று எழுதியிருந்தது என் கை. அதுவரை விலகி நிற்க முயன்றுகொண்டிருந்தேன். தப்பான பொடியைத் தப்பான கறைக்குப் போட்டுத் தேய்த்திருக்கிறேன். அன்றிலிருந்து அவருடைய நல்ல செய்தி காதில் விழும்போதெல்லாம் மனத்துக்குள் ஒருமுறை வாழ்த்தத் தொடங்கினேன். மூன்று நாள் அது வாயளவில்தான் இருந்தது. அதன்பிறகு அந்தப் பெயர் நோட்டுக்கு வரவில்லை.

எத்தனை நாள், எப்படி

ஒரு மண்டலம், 48 நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் நாக்கும் குளியலும் பாயும் மட்டும். இரண்டாம் வாரம் தொட்டியைச் சேருங்கள்; இது பிடிபட இன்னொரு வாரம் எடுத்தாலும் பரவாயில்லை. பிறகு தட்டும் கைப்பேசியும். பேச்சும் நோட்டும் நான்காம் வாரத்துக்கு முன் வேண்டாம். புற வேலை உடம்பில் படியாமல் மனத்தைக் கிளறினால் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். வீட்டில் உள்ளவர்களை இதில் இழுக்காதீர்கள். உங்கள் தொட்டி காலியாக இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையின் அறையைப் பார்த்து முகம் சுளித்தால், கொல்லைப்புற டம்ளர் வேறு உருவத்தில் வீட்டுக்குள் வந்துவிடும்.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவத் தோன்றி, நிறுத்த முடியாமல், தோல் வெடிக்கும் அளவுக்குப் போனால் அது சௌசம் இல்லை. மனநல மருத்துவத்தில் சிகிச்சை உள்ள ஒரு நோய் அது. வெட்கப்படாமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

இடையில் நாள்கள் விட்டுப்போகும். காய்ச்சல் வரும், ஊருக்குப் போவீர்கள், விருந்தாளிகள் வந்து தொட்டி நிறைந்து வழியும். விட்டுப்போன நாள்களை ஈடுகட்ட இரண்டு மடங்கு செய்ய வேண்டாம், 48-ஐ முதலிலிருந்தும் எண்ண வேண்டாம். ஊருக்குப் போகும்போது நாக்கு வழிப்பானைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மற்றவை திரும்பி வரும்வரை காத்திருக்கும்.